சாமத்தியச் சடங்கும் பெண் பிள்ளைகளின் படிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள பாடசாலை ஒன்றின் வரவு இடாப்பை எடுத்துப் பாருங்கள். ஏழாந் தரத்திலும் எட்டாந் தரத்திலும் படிக்கும் பெண் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே, ஒரு கிழமையும் இரு கிழமையுமாகத் தொடர்ந்து வரவின்மைக் குறிகள் விழுந்திருப்பதைக் காணலாம். காய்ச்சலென்று கடிதம் வந்திராது. காரணம் கேட்டு ஆசிரியர் ஆளனுப்புவதுமில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள். அதன்பின் கேள்விக்கு இடமேது?

கேள்விக்கு இடமில்லாத இந்த நிலையைத்தான் நாம் இன்று கேள்விக்குள்ளாக்க விரும்புகிறோம்.

சாமத்தியச் சடங்கு எமது மக்களிடையே வேரோடிய வழக்கம். முதல் நாள் தண்ணீர் வார்ப்பது, மாமன் தேங்காய் உடைப்பது, பிள்ளையை வீட்டின் ஒரு பக்கத்து அறையிலே வேப்பிலையும் இரும்புத் துண்டும் துணையாக வைத்து இருத்துவது, உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது, சாத்திரியாரிடம் நாட்பார்த்து ஒற்றைப்பட்ட நாளொன்றிலே நீராட்டி, ஆலாத்தி சுற்றி, ஊரை அழைத்து உணவிடுவது ஆகிய யாவும் இந்நாட்டார் ஒவ்வொருவரும் அறிந்தவை. ஏழு நாளில் துடக்குக் கழிப்பவரும் உளர். பதினொன்று, பதின்மூன்று என்று நீட்டுவோரும் உளர். முப்பத்தொரு நாள் வைத்திருந்த காலமும் உண்டு. அவ்வளவு நாளும் அவள் புத்தகப் பையைத் தொட்டாலும் பாடசாலைப் படலையைத் தாண்டக் கூடாது.

இதிலே நன்மை சில உண்டென்பதை மறுக்க நாம் வரவில்லை. வளரும் உடம்புக்கு உழுந்தும் எள்ளெண்ணெயும் முட்டையும் ஊட்டிய எமது பாட்டிமார் வைத்திய சாத்திரம் படியாமலே நல்லதொரு காரியத்தைச் செய்தார்கள். தாய்மாமனுக்கு உரிமையும் கடமையும் வகுத்துக் குடும்பங்களைப் பிணைத்து வைத்ததும் அச்சடங்கே. போரினாலே திசைக்கொருவராய்ச் சிதறிய உறவினர் ஒரு பந்தலின் கீழ்க் கூடுவதற்கு இன்றைக்கு எஞ்சியிருக்கும் சில வாய்ப்புகளில் அதுவும் ஒன்று. சடங்கை ஒழிக்க வேண்டுமென்று தமிழகத்துச் சுயமரியாதைக்காரர் ஒரு காலத்தில் முழங்கியது போன்று முழங்கினால் ஒருவரும் கேளார் என்பதையும் நாம் அறிவோம். எமது வாதம் அதனிலும் சிறியது, ஆனால் விடாப்பிடியானது. பிள்ளையின் படிப்பு நாளிலே இச்சடங்கு கைவைக்கலாகாது. அவ்வளவே.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். முப்பத்தொரு நாள் துடக்கென்றால் சனி ஞாயிறு நீக்கி இருபதுக்கு மேற்பட்ட பாடசாலை நாட்கள் போகின்றன. பதினொரு நாளென்றால் ஏழு முதல் ஒன்பது நாட்கள். சிறிய தொகைதானே என்பார் சிலர். ஏழாம் எட்டாந் தரங்களிலேதான் அட்சர கணிதம் வேர்விடுகிறது. சமன்பாடு என்றால் என்ன, தெரியாக் கணியத்தை ஒரு பக்கத்துக்கு எவ்வாறு கொண்டு வருவது என்பதை ஆசிரியர் கரும்பலகையில் விளக்கிய கிழமையிலே பிள்ளை அறைக்குள் இருந்தால், அடுத்த கிழமை அவள் வந்து காண்பது அந்நிய பாசையாக இருக்கும். தனியார் கல்வி நிலையத்துக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை அந்தக் குழியைத் தாண்டிவிடுவாள். மற்றவள் தாண்டமாட்டாள். சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்தில் தவறியவள் எந்தக் கிழமையிலே தவறினாள் என்பதை எவரும் பின்னோக்கித் தேடுவதில்லை.

அதோடு முடிந்ததா? முதற் சடங்கு ஒரு பழக்கத்தைத் தொடக்கி வைக்கிறது. மாதந்தோறும் இரண்டு நாள் வீட்டில் நிற்பது அந்தப் பழக்கம். ஆண்டுக்குப் பத்து மாதமென்று வைத்துக்கொண்டாலும் இருபது நாள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை நான்கு ஆண்டில் எண்பது நாள். எண்பது பாடசாலை நாளென்பது ஏறத்தாழ ஒன்றேகால் தவணை. ஒரு தவணைக்கு மேலாகப் படியாத பிள்ளையும் ஒரு நாளும் தவறாத பிள்ளையும் ஒரே மண்டபத்தில் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதுகிறார்கள். பாடசாலையிலே கதவு பூட்டக்கூடிய கழிவறையும் தண்ணீரும் இல்லாதிருப்பது இதற்கு இன்னொரு காரணம். அதற்குப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கத்தைத்தான் கேட்க வேண்டும். 2024 ஆம் ஆண்டிலே பாடசாலை மாணவிகளுக்கு அணையாடை வாங்குவதற்காக 1200 ரூபாய் பெறுமதியான உறுதிச்சீட்டுக் கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கல்வி அமைச்சு தொடங்கியது. நல்ல காரியம். ஆயினும் சீட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை மறந்தால் அரைக் காரியமே.

சட்டம் என்ன சொல்கிறது? 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஆக்கப்பட்ட பிரமாணங்கள், ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதைப் பெற்றோரின் கட்டாயக் கடமையாக்கின. 2016 இல் அந்த மேல்வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. பெரியபிள்ளையாகும் வயதும் அதற்குப் பிந்திய ஆண்டுகளும் இந்த எல்லைக்குள்ளேயே முழுமையாக அடங்குகின்றன என்பதைக் கவனிக்க. 1991 இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 28 ஆம் உறுப்புரை ஒழுங்கான பாடசாலை வரவை ஊக்குவிக்குமாறு அரசைப் பணிக்கிறது. இவையெல்லாம் ஏட்டிலே இருக்கின்றன. துடக்கை நியாயமான காரணமாக எவரும் எழுதி வைக்கவில்லை; அதேவேளை துடக்குக்காக ஒரு தகப்பனை எவரும் நீதவான் முன் நிறுத்தப் போவதுமில்லை, நிறுத்தவும் கூடாது. இது நீதிமன்றத்திலே தீரும் வழக்கன்று. ஆனால் சட்டம் ஒரு பக்கத்திலே நிற்கும்போது, ஊர் வழக்கம் அதற்கு எதிர்ப்பக்கத்திலே நிற்கிறதென்பதை அறியாமற் போவது படித்தவர்களுக்கு அழகன்று.

"தொன்றுதொட்டு வந்த வழக்கம், இதை மாற்ற நீங்கள் யார்?" என்று கேட்போருக்கு ஒரு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. எமது வழக்கங்களுள் மிகப் பெரியதான தேசவழமையையே எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் அதனைத் தொகுத்தார். அத்தொகுப்பிலே சீதனமும் முதுசமும் தேடியதேட்டமும் இருக்கின்றன. அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருக்கின்றன! 1844 இல் இலங்கையில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது அவ்விதிகள் செத்தன. சொத்துரிமை பற்றிய பகுதிகளை 1911 இலும் 1947 இலும் சட்டமியற்றித் திருத்தினார்கள். அதனால் யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத்தாராக இல்லாமற் போய்விடவில்லை. வயிரவர் மடைக்கும் பொங்கலுக்கும் எவ்விதக் குறையும் வரவில்லை.

சமயத்தின் பெயராலும் இந்த நாட்களை நியாயப்படுத்த முடியாது. சைவப் பிள்ளைக்கு உண்மையான சமயப் பிரவேசம் தீட்சை. அது ஒரு காலைப்பொழுதிலே முடிந்துவிடும். அதற்கும் முந்தியது ஏடு தொடக்குதல். விசயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ, மூன்று வயதுப் பெண் குழந்தையை மடியிலிருத்தி, அவள் விரலைப் பிடித்துப் பச்சையரிசியிலே அகரம் எழுதுவிக்கிறோம். சரசுவதியின் பெயரால் அவள் கைக்கு எழுத்தைக் கொடுத்தவர்கள் நாமே. ஒன்பது ஆண்டு கழிந்தபின், நாட்பார்த்த அதே பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு கிழமைக்கு எழுதாதே என்று சொல்பவர்களும் நாமே. இவ்விரண்டில் எது சைவம்?

வரலாற்றையும் சற்று நினைவூட்ட வேண்டும். 1824 இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பிள்ளைகளைச் சேர்ப்பதிலும் பார்க்கச் சேர்த்தவர்களை நிறுத்தி வைப்பதே பெரும் பாடாயிற்று. வயது வந்த பெண்ணுக்குப் படிப்பெதற்கு, கலியாணமன்றோ வேண்டுமென்ற எண்ணம் ஊரெல்லாம் நிறைந்திருந்த காலம் அது. படித்து முடிக்கும் வரை விடுதியிலிருந்த பெண்களுக்கு மிசனே சீதனம் கொடுக்க வேண்டியிருந்ததென்றால் அந்த எண்ணத்தின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். சைவர்களும் பின்னர் விழித்துக்கொண்டார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென்று கல்லூரியை எழுப்பினார். அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கும் வாக்குரிமை வழங்க முனைந்தபோது அதனை எதிர்த்தார் என்பது எமது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. பெண் படிக்கலாம், ஆனால் ஓர் எல்லையோடு நிற்க வேண்டுமென்ற அந்த இரட்டை மனம் அவரோடு மறையவில்லை. 1931 இல் வாக்குரிமை வந்தது. 1943 இல் இந்து மகளிர் கல்லூரி பிறந்தது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. ஏழைக் கமக்காரனின் மகளும் காசின்றிப் படிக்கலாமென்ற நிலை ஏற்பட்டது. கட்டணம் என்ற வேலி போன பின்னும் துடக்கு என்ற வேலி நிற்கிறது.

இவ்விடத்திலே எமக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதமொன்று உண்டு. அதை ஒளிக்காமல் எடுத்துரைப்பதே முறை. "எமது பெண்கள் படிப்பிலே பின்தங்கவில்லையே! இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே ஆண்களை விடப் பெண்களன்றோ கூடுதலாக இருக்கிறார்கள்? சடங்கு செய்த பெண்கள்தாம் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்திருக்கிறார்கள். பிறகு இந்தப் புலம்பல் ஏன்?" என்பது அவ்வாதம். உண்மைதான். பல்கலைக்கழகம் சென்ற பெண்ணின் தாய், துடக்கு நாளிலும் அறைக்குள்ளே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள். தோழி கொப்பி இரவல் தந்திருப்பாள். தகப்பன் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்திருப்பார். அந்தப் பிள்ளைக்குப் பதினொரு நாள் ஒரு சிறு மேடு. கடற்கரைக் கிராமத்திலே, தகப்பனைப் போரிற் பறிகொடுத்து, தாய் கூலிக்குப் போகும் வீட்டிலே, ஏற்கெனவே கிழமைக்கு ஒரு நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும் பிள்ளைக்கு அந்தப் பதினொரு நாள் என்ன செய்யும்? "இனி ஏன் போவான்?" என்ற வார்த்தை அந்த வீட்டில் எழுவதற்கு அது போதுமான இடைவெளி. பல்கலைக்கழக வாயிலிலே நின்று எண்ணினால் வந்து சேர்ந்தவர்களைத்தான் எண்ணலாம்.

"பெரியபிள்ளை" என்ற சொல்லையும் ஆராய வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெரியவள் என்று ஊருக்கு அறிவிக்கிறோம். அந்த அறிவித்தலின் பழம்பொருள் யாதென்பதை எவரும் அறிவர்: இவ்வீட்டிலே கலியாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்பதே. 1995 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பொதுச் சட்டத்தின் கீழான திருமண வயதைப் பதினெட்டாக்கியது. ஊர் அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் இடையில் ஆறு ஆண்டு கிடக்கிறது. போரின் இறுதிக் காலத்திலே வன்னியில், ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர் எத்தனையோ இளம் பெண்களைப் பள்ளிச் சீருடையோடு மணவறைக்கு அனுப்பியதைக் கண்டோம். அச்சம் அதற்குக் காரணம். அதற்காக அவர்களைப் பழிக்க எமக்கு மனமில்லை. ஆனால் வயது வந்தவள் கலியாணத்துக்கு ஆயத்தமானவள் என்ற எண்ணம் ஊரிலே முன்னரே இருந்திராவிட்டால் அந்த வழி அவ்வளவு எளிதாகத் தோன்றியிராது.

பெரியவள் என்ற பட்டம் சூட்டியதும் அவளுடைய உலகம் சுருங்குகிறது. நேற்று வரை துவிச்சக்கர வண்டியிலே மருதனார்மடச் சந்தியைக் கடந்து போனவளுக்கு இன்று துணை வேண்டும். வலைப்பந்தாட்ட அணியிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது. மாலை வகுப்புக்குத் துணை கிடையாவிட்டால் வகுப்பே நின்றுபோகிறது. வகுப்பறையிலோ, ஊரெல்லாம் அழைப்பிதழ் போன காரணத்தால், அவளுடைய உடம்பின் செய்தியை ஆண் பிள்ளைகள் உட்பட அனைவரும் அறிந்திருக்கிறார்கள். அந்தக் கண்களுக்கு முன்னே எழுந்து நின்று ஆசிரியரின் வினாவுக்கு விடை சொல்ல எத்தனை பிள்ளைகளுக்குத் துணிவு வரும்? ஆண் பிள்ளைக்குக் குரல் உடைந்ததென்று எவரும் பந்தல் போடுவதில்லை.

கட்டாடி வீட்டாரைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. பலர் இந்தப் பக்கத்தை மெதுவாகப் புரட்டிவிட விரும்புவர். ஒரு வீட்டுப் பெண்ணின் துடக்கை இன்னொரு குலத்துப் பெண் சுமந்து சென்று வெளுத்து, மாற்றுச் சேலை கொண்டுவர வேண்டுமென்பது இச்சடங்கின் பழைய விதி. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதியின் பேரால் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் குடிமை முறை சட்டப் புத்தகத்தை விட மெதுவாகவே சாகிறது. எமது பிள்ளையின் சிறப்பு நாளுக்காக மற்றொரு தாய் தன் வீட்டு அலுவலை விட்டுவிட்டு ஏவலுக்கு வர வேண்டுமென்று எண்ணும் மட்டும், எமது உரிமைப் பேச்சுகளை அந்தத் தாய் எப்படிக் கேட்பாள் என்பதை எமது மேடைக்காரர் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அண்மைக் காலத்திலே வேறொரு மாற்றம் வந்திருக்கிறது. துடக்கு நாட்கள் குறைந்து வருகின்றன. கொண்டாட்ட நாட்கள் கூடி வருகின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மண்டபம் எடுத்துப் பல்லக்கும் இரதமுமாக நடத்தும் எம்மவர், அந்தப் படக்காட்சியை இங்கும் அனுப்பி வைக்கிறார்கள். அதைப் பார்த்த வெங்காயக் கமக்காரர், தம் மகளுக்கு அதிற் பாதியாவது செய்யாவிட்டால் மானம் போகுமென்று எண்ணுகிறார். படப்பிடிப்புக்காரர் வருகிறார். அலங்கார நிலையத்திலே ஒரு நாள், தோட்டத்திலும் கடற்கரையிலும் முன்கூட்டிய படப்பிடிப்புக்கு ஒரு நாள், விழா ஒரு நாள், களைப்பாற ஒரு நாள். பதிவட்டை வந்ததும் அதை உலகமெல்லாம் பார்க்க இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பிள்ளையிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. உறவினர் மொய் எழுதுகிறார்கள், அது மெய்தான். ஆனால் மொய் என்பது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதை மொய்க் கொப்பியைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அறிவார்கள். பங்குனியிலே வெங்காய விலை விழுந்தால் அடகுக்குப் போவது பிள்ளைக்குப் போட்ட அதே சங்கிலி. வடக்கிலே நுண்கடன் நிறுவனங்களிடம் பெண்கள் பட்ட பாடு 2018 இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யுமளவுக்கு முற்றியிருந்தது. அவ்வளவுக்கும் பிறகு விழாவுக்குக் கடன்படுவதை என்னவென்று சொல்வது? உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்க ஒரு பிள்ளைக்கு இரண்டாண்டிலே ஆகும் வகுப்புச் செலவையும் ஒரு மண்டபத்து ஒருநாட் செலவையும் பெற்றோர் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

அயலவர் நிலையையும் நோக்குவோம். 2018 நவம்பரிலே கஜா புயல் தஞ்சாவூர்ப் பக்கத்தை அடித்தபோது, பட்டுக்கோட்டைக்கு அருகேயுள்ள அணைக்காட்டில், பருவமெய்தியதற்காகத் தனிக் குடிசையிலே படுக்க வைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, குடிசை மீது தென்னை முறிந்து விழுந்து மாண்டாள். அந்தத் தென்னையும் எமது தென்னையும் ஒரே கடலின் இரு கரைகளிலே நிற்பவை. நேபாளத்திலே மாதவிடாய்ப் பெண்களைத் தொழுவத்துக்கு அனுப்பும் வழக்கத்தை 2017 இல் சட்டம் குற்றமாக்கியது. தென்னாபிரிக்காவில் பிள்ளைகளுக்குச் செய்யப்படும் பருவச் சடங்குகளுக்கென்றே 2021 இல் சட்டமொன்று இயற்றப்பட்டது. அங்கே சடங்கை ஒழிக்கவில்லை. பிள்ளையின் கட்டாயக் கல்வியோடு அது முட்டாதவாறு நெறிப்படுத்த முனைந்தார்கள். கறுப்பின மக்கள் தம் மரபைக் கைவிடாமலே இதனைச் செய்யத் துணிந்தார்களென்றால் எமக்கு மட்டும் இயலாதென்று எவர் சொல்லுவர்?

மெய்யாகவே இது எமக்கு இயலுமென்பதற்கு எமது சொந்த அனுபவமே சான்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து, மழையிலே செம்மணி வழியாகவும் நாவற்குழி வழியாகவும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. இலட்சக்கணக்கான மக்கள். அந்த நடையிலும் அதன்பின் மர நிழல்களிலும் கோயில் மண்டபங்களிலும் கழிந்த மாதங்களிலும் பெண் பிள்ளைகள் வயதுக்கு வராமலா இருந்தார்கள்? 2009 இல் செட்டிக்குளத்து முகாம்களின் கூடாரங்களிலே வராமலா இருந்தார்கள்? அங்கே தனியறை எது, மண்டபம் எது, ஒற்றைப்பட்ட நாள் எது? தாய்மார் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். கிடைத்த தண்ணீரை வார்த்தார்கள். மரத்தடியில் வகுப்புத் தொடங்கியதும் பிள்ளையை அனுப்பினார்கள். அவர்களிலே எவரும் சடங்கு குறைந்ததால் வாழ்விழந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்தபோது, எமது பிள்ளைகளின் புள்ளிகளைக் கொழும்பு குறைத்து மதிக்கிறதென்று இந்தக் குடாநாடே கொதித்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, படிக்கத் தெரியாத முதியவரும் அழுதனர். கல்வியே எமது முதுசமென்று உலகுக்குச் சொன்னோம். இன்றும் சொல்லி வருகிறோம். பிறர் பறித்த நாட்களுக்குக் கணக்கு வைத்திருக்கும் சமூகம், தன் வீட்டு அறைக்குள்ளே தன் மகளிடமிருந்து தானே எடுத்துக்கொள்ளும் நாட்களையும் அதே கொப்பியில் எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. முதல் நாள் தண்ணீர் வார்ப்பதை வீட்டளவில் செய்து, பிள்ளை உடம்பு தேறியதும், அதாவது இரண்டு மூன்று நாளிலே, பாடசாலைக்கு அனுப்பலாம். விழா வேண்டுமென்போர் ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வழமையாக வரும் தவணை விடுமுறைக்குள் நாள் வைக்கலாம். வெளிநாட்டு உறவினர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் ஆவணி மாதத்திலே பலர் இப்பொழுதே அவ்வாறு செய்து வருகிறார்கள். நாட்பார்க்கும் சாத்திரியாரிடம் பாடசாலை நாட்காட்டியையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் அதற்குள் நல்ல நாள் கண்டுபிடிப்பார். அந்த ஆற்றல் அவருக்கு உண்டு. அழைப்பிதழிலே பிள்ளையின் படத்தைப் போடுவதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் முன் அவளைக் கேட்க வேண்டும். அவள் வேண்டாமென்றால் அதுவே முடிவு. ஆசிரியர்கள் ஒரு கிழமை கடந்தும் வராத பிள்ளையின் வீட்டுக்கு, சங்கடம் பாராமல், ஒரு பெண் ஆசிரியரை அனுப்ப வேண்டும். தவறிய பாடங்களைத் திருப்பிச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் செய்ய வேண்டும். கழிவறையும் தண்ணீரும் இல்லாத பாடசாலைகளின் பட்டியலை வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாண சபைக்கும் விடாது அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

எம்மைப் போன்று அரசியல் வேலை செய்வோருக்கும் ஒரு வேலையுண்டு. ஊரிலே எந்தச் சாமத்திய வீட்டிலும் முன்வரிசையிலே இருத்தப்படுபவர்கள் நாமே. எமது வருகையைக் காட்டித்தான் விழாவின் பெருமையை அளக்கிறார்கள். பாடசாலை நாளொன்றிலே வைக்கப்படும் விழாவுக்கு அழைப்பு வந்தால், வாழ்த்தைக் கடிதத்தில் எழுதி, நாம் வராத காரணத்தையும் அதிலே எழுதி அனுப்புவதென்று எமது வட்டாரத் தொண்டர்கள் சிலர் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். வாக்குப் போய்விடுமென்று அஞ்சுவோரும் எம்மிடையே உளர். அவர்களும் அடுத்த தவணை தொடங்குமுன் தம் முடிவைச் சொல்ல வேண்டும்.